புதுப்பிப்பு: தமிழ்நாட்டில் பத்து நாள், கைச்செலவு எவ்வளவு ஆனது?

கிளிநொச்சியிலிருந்து அம்மாவும் நானும் பத்து நாள் தமிழ்நாடு போகிறோம், டிக்கெட்டும் தங்குமிடமும் போகக் கைச்செலவுக்கு 40,000 இந்திய ரூபாய் போதுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். போய் வந்துவிட்டோம். போதும்.

யாழ்ப்பாணத்துப் பலாலியில் விமானம் ஏறிச் சென்னையில் இறங்கினோம். டொலராகக் கொண்டுபோங்கள் என்று நீங்கள் சொன்னது நல்லதாய்ப் போயிற்று. விமான நிலையத்தில் ஓட்டோவுக்கு மட்டும் மாற்றினேன், மிச்சத்தை தி.நகரில். அங்கே டொலருக்குக் கூடுதல் விலை கிடைத்தது.

நான் எதிர்பார்க்காதது சில்லறைப் பிரச்சினை. தேநீர்க் கடை, பூக்காரி என்று எங்கும் கியூஆர் அட்டை ஒட்டியிருக்கிறது, எல்லாரும் போனில்தான் கட்டுகிறார்கள். எங்களிடம் இந்திய வங்கிக் கணக்கு இல்லை. தஞ்சாவூர்ப் பெரிய கோயில் வாசலில் 20 ரூபாய் மல்லிகைப் பூவுக்கு 500 ரூபாய்த் தாளை நீட்டினால் அந்த அக்கா என்ன செய்வார்? அன்றிலிருந்து அம்மா தன் சுருக்குப் பையில் பத்து, இருபது ரூபாய்த் தாள்களைத் தனியாகச் சேர்த்து வைத்தார். அந்தப் பைதான் எங்களைக் காப்பாற்றியது.

சாப்பாடு இருவருக்கும் 7,000, பஸ், ரயில், ஓட்டோ எல்லாம் 9,000. உடுப்புக்கு நான் ஒதுக்கியது 12,000, போனது 19,500. அக்காவின் பிள்ளைகளுக்கும் பக்கத்து வீட்டுக்கும் எடுக்காமல் அம்மா வரமாட்டார், அதை முதலே கணக்கில் சேர்த்திருக்க வேண்டும். மிஞ்சிய 4,500ஐ திருச்சியில் இருக்கும் சித்தியின் கையில் கொடுத்துவிட்டு வந்தோம்.