"கல்லீரல்சார் மூளைத்தடுமாற்றம்" சரியா வருமா?

வணக்கம். கல்லீரல் கெட்டு அதனால மூளை சரியா வேலை செய்யாம போற ஹெபாட்டிக் என்செஃபலோபதிக்குத் தமிழ்ல என்ன சொல் வைக்கலாம்னு பேசிட்டிருக்கோமே, அதுக்கு ஐயா சொன்ன "ஈரல் மூளை அழற்சி" வேண்டாம்னு நினைக்கிறேன். அழற்சிங்கிறது பெரும்பாலும் கிருமியால வர்ற என்செஃபலைட்டிஸுக்கு ஏற்கெனவே புழங்குற சொல், ரெண்டும் ஒண்ணாயிட்டா படிக்கிறவங்க கிருமி மூளைக்கு ஏறிடுச்சுன்னு நினைச்சுப்பாங்க. அப்புறம் மொட்டையா ஈரல்னா எந்த ஈரல், மண்ணீரல் நுரையீரல்லாம் இருக்கே.

"மூளைநோய்"ங்கிறதும் எனக்கு ஒத்துக்கல. எங்க சித்தப்பாவுக்கு இது வந்தப்ப கையில கொடுத்த தாள்ல அப்படித்தான் இருந்துது, சித்தி அதைப் படிச்சுட்டு அவருக்குப் புத்தி பேதலிச்சுடுச்சு இனிமே திரும்பாதுன்னு ரெண்டு நாள் அழுதுக்கிட்டே இருந்தாங்க. ஆனா நடக்கிறது என்னன்னா குடல்ல உண்டாகுற அம்மோனியாவ கல்லீரல் யூரியாவா மாத்த முடியாம அது ரத்தத்தோட மூளைக்குப் போகுது, அங்க நரம்பு செல்லுக்குத் துணையா இருக்கிற அஸ்ட்ரோசைட் செல்லுங்க அதை குளூட்டமேட்டோட சேர்த்து குளூட்டமினா மாத்துது, அந்த குளூட்டமின் உள்ளயே சேர்ந்து தண்ணிய இழுக்க செல் உப்புது. மூளையில எந்த வேதிப்பொருள் எவ்வளவு இருக்குன்னு காட்டுற எம்ஆர் ஸ்பெக்ட்ரோஸ்கோபில இதைப் பார்க்கவே முடியும், குளூட்டமின்-குளூட்டமேட் முகடு உயரும், செல்லுக்குள்ள தண்ணிய பிடிச்சு வைக்கிற மையோ-இனோசிட்டால் இறங்கும், அதாவது செல் உப்பாம இருக்க கையில இருக்கிறத வெளிய தள்ளிப் பார்க்குது. லாக்டுலோஸ்ங்கிற பேதி மருந்து கொடுத்து அம்மோனியா குறைஞ்சா பெரும்பாலும் ஆள் தெளிஞ்சுடுறாங்க, சித்தப்பாவும் தெளிஞ்சார். அதனாலதான் தடுமாற்றம்ங்கிறேன், பேச்சு தடுமாறும், ராத்திரி பகல் மாறிப்போகும், கையை நீட்டச் சொன்னா மணிக்கட்டு படபடன்னு அடிக்கும், எல்லாத்துக்கும் அந்தச் சொல் பொருந்துது.

கோமாவையும் தடுமாற்றம்னே சொல்றதான்னு அக்கா கேட்டது நியாயம், இந்த நோயோட தீவிரத்தை அளக்குற வெஸ்ட் ஹேவன் அளவுகோல்ல 4-வது நிலை கோமா, அதைத் தடுமாற்றம்னா ரொம்ப லேசா ஆயிடும். அந்த நிலைக்கு மட்டும் "கல்லீரல்சார் ஆழ்மயக்கம்"னு தனியா வச்சுக்கலாம்.

ஸ்கேன் பத்தின சொல்லுக்கு வர்றேன். கல்லீரல் தழும்பேறிப்போற சிர்ரோசிஸ் இருக்கிறவங்களுக்கு எம்ஆர்ஐல டி1ங்கிற வகைப் படத்துல, மூளையோட ஆழத்துல இருக்கிற குளோபஸ் பாலிடஸ்ங்கிற பகுதி ரெண்டு பக்கமும் ப்ரைட்டா தெரியும், பித்தநீரோட வெளிய போக வேண்டிய மாங்கனீசு அங்க படியறதுதான் காரணம், மாற்றுக் கல்லீரல் வச்ச பிறகு மாசக்கணக்குல மெல்ல மங்கும். ஆனா இந்தப் பிரகாசம் நல்லாத் தெளிவா இருக்கிறவங்களுக்கும் இருக்கும், அதனால இதை வச்சு நோய்க்குப் பேர் வைக்கக் கூடாது. குளோபஸ் பாலிடஸுக்கு "வெளிறுகோளம்" அழகாத்தான் இருக்கு, ஆனா "வெளிறுகோளம் வெளுத்திருக்கிறது"ன்னு ரிப்போர்ட்ல எழுதினா அது எப்பவுமே வெளிறினதுதானேன்னு விட்டுடுவாங்க, மூளையை வெட்டிப் பார்க்கிறப்ப தெரியற நிறம் வேற இது வேற. படத்துல இப்படி ப்ரைட்டா தெரியறத ஹைப்பர்இன்டென்சிட்டிங்கிறாங்க, அதுக்கு "மிகையொளிர்வு"ன்னா அங்க ஏதோ ஒளி வர்ற மாதிரி இருக்கு. சிக்னலுக்குக் குறிகைன்னு இருக்கிறதால ஹைப்பர்இன்டென்சிட்டிக்கு "மிகைக்குறிகை"ன்னே போடுவோம்.

வெளிய தெரியாம, சோதனை வச்சாத்தான் பிடிபடுற ஆரம்ப நிலைய கோவர்ட்ங்கிறாங்களே, அதுக்கு "மறைநிலைத் தடுமாற்றம்"னு போட்டிருக்கேன், இன்னும் நல்ல சொல் யாருக்காவது தோணினா சொல்லுங்க.