வலி கூடும்போது மட்டும் மருத்துவரிடம் செல்வது சரியா?

கேள்வி (திண்டுக்கல் வாசகி):
என் தாயாருக்கு வயது 62. பல ஆண்டுகளாக இடுப்பு வலியும் முழங்கால் வலியும் உள்ளன. வலி தாங்க முடியாமல் போனால் எலும்பு மருத்துவரிடம் செல்வார். ஊசியிலும் மாத்திரையிலும் சில வாரங்களில் தணிந்ததும் அந்தப் பக்கமே எட்டிப்பார்க்க மாட்டார். மறுபடி கூடினால், முன்பு பார்த்தவரின் மருத்துவம் நிலைக்கவில்லை என்று சொல்லி வேறொருவரிடம் போவார்; அவர் புதிதாக ஸ்கேன் எடுக்கச் சொல்வார். இடையில் தைலம், புத்தூர்க் கட்டு, மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரை. இந்தச் சுழற்சியை எப்படி மாற்றுவது?

மறுமொழி (இயன்முறை மருத்துவர், மதுரை):
சகோதரி, எங்களிடம் வருபவர்களில் பெரும்பாலோரின் கதை இதுதான். நாட்பட்ட வலி ஒரே அளவில் இருப்பதில்லை, ஏறும், இறங்கும். உச்சத்தில் இருக்கும்போதே மருத்துவரைத் தேடுவதால், தானாகவே இறங்கவிருந்த வலிக்கும் கடைசியாகப் பார்த்தவரே பெயரைத் தட்டிச் செல்கிறார். அடுத்த ஏற்றத்தில் அதே மனிதர் கைராசி இல்லாதவர் ஆகிவிடுகிறார். ஒவ்வொரு புதிய இடத்திலும் பழைய சீட்டு இல்லாமல் முதலிலிருந்து தொடங்குவதால், எந்த மருத்துவம் எவ்வளவு காலம் உதவியது என்பது யாருக்கும் தெரியாமலே போகிறது.

ஸ்கேன் பற்றியும் சொல்ல வேண்டும். வலியே இல்லாதவர்களின் முதுகுப் படங்களை ஆராய்ந்து 2015இல் வெளியான ஒரு தொகுப்பாய்வில், 20 வயதினரில் 37 விழுக்காட்டினருக்கும் 80 வயதினரில் 96 விழுக்காட்டினருக்கும் முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டில் (டிஸ்க்) தேய்மானம் காணப்பட்டது. ஆகவே ‘தேய்மானம்’ என்று அறிக்கையில் கண்டதும் அஞ்சி அடுத்த மருத்துவரைத் தேட வேண்டியதில்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாட்பட்ட இடுப்பு வலிக்கு வெளியிட்ட வழிகாட்டுதல், உடற்பயிற்சியையும் நோயைப் புரியவைப்பதையும் பரிந்துரைக்கிறது. நம் ஊரில் தாராளமாக எழுதப்படும் இடுப்புப் பெல்ட்டையும், முதுகை இழுத்துவிடும் இழுவைச் சிகிச்சையையும் வழக்கமாகத் தர வேண்டாம் என்கிறது. பயிற்சியைத் தொடங்க ஏற்ற காலம் வலி அடங்கியிருக்கும் நாட்கள்தான். அந்த நாட்களில்தான் யாரும் வருவதில்லை.

மறுமொழி (ஓய்வுபெற்ற கிராம செவிலியர்):
இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் தொல்லை இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாதந்தோறும் மாத்திரை வாங்க மக்கள் பழகிவிட்டார்கள். வலிக்கு அந்தப் பழக்கம் வரவில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சையும் வீட்டிற்கே வருகிறது. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள். கடையில் வாங்கும் வலி மாத்திரையைத்தான் முதலில் கவனிக்க வேண்டும், அம்மா. அது வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும், அழுத்தத்தையும் ஏற்றும். எல்லாச் சீட்டுகளையும் ஒரே பையில் போட்டு, செல்லும் இடமெல்லாம் எடுத்துச் செல்லச் சொல்லுங்கள்.

மறுமொழி (கோவை வாசகர்):
மருத்துவரை மாற்றுவதே தவறு என்பது போன்ற தொனியை என்னால் ஏற்க இயலவில்லை. இளவயதிலேயே தொடங்கிய என் இடுப்பு வலியைப் பலரும் வேலைப்பளுவால் வந்தது என்றே சொன்னார்கள். காலையில் விறைத்துப்போவதும், ஓய்வில் கூடுவதும், நடமாடினால் குறைவதும் முதுகெலும்பு அழற்சியின் அறிகுறிகள் என்பதை ஒரு மூட்டுவாத மருத்துவரே கண்டறிந்தார். முதலாமவரிடமே இருந்திருந்தால் இன்னும் வலி மாத்திரைதான் விழுங்கிக்கொண்டிருப்பேன்.

மறுமொழி (இயன்முறை மருத்துவர், மதுரை):
ஐயா சொல்வது நியாயமே. நோய் இன்னதென்று உறுதிப்படாதவரை இன்னொருவர் கருத்தைக் கேட்கத்தான் வேண்டும். உறுதியான பின்பும் ஆளை மாற்றிக்கொண்டே இருப்பதைத்தான் குறிப்பிட்டேன். சகோதரி, தாயாருக்குக் கால் வலுவிழந்தாலோ, சிறுநீர், மலம் கட்டுப்பாடு தவறினாலோ, வலியுடன் காய்ச்சலோ காரணமற்ற எடைக்குறைவோ இருந்தாலோ, முறை வரும்வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.