மறு: துவக்குக் குழலில் படியும் அழுக்குக்கு ஒரு சொல்

அட்டனிலிருந்து:

அன்புடையீர், குழல்வாய் வழியாக வெடிமருந்து கெட்டிக்கும் விலை குறைந்த துவக்கு (துப்பாக்கி) ஒன்றைச் சுடுவதும் பேணுவதும் பற்றிய கைந்நூலொன்றைக் கடல் கடந்த வாசகர்களுக்காகத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும். அவ்வகைத் துவக்குக்கு வடக்கே வன்னியில் வழங்கும் ‘இடியன்’ என்ற பெயரையே எடுத்துக்கொண்டேன். கோலால் இடித்துக் கெட்டிப்பதால் அப்பெயரா, இடிபோல் முழங்குவதால் அப்பெயரா என்ற வழக்கை இப்போது யாரும் திறக்க வேண்டாம். என் இடர் வேறு. சுட்ட பின் குழலின் உட்சுவரில் படியும் கரிய பசைக்குச் சொல் கிடைக்கவில்லை. ‘fouling’ என்ற ஆங்கிலச் சொல்லை ‘பவுலிங்’ என்று எழுதினால் வாசகர் கிரிக்கெட் மைதானத்துக்குப் போய்விடுவார். ‘கரி’ என்று எழுதி வைத்திருக்கிறேன், மனம் ஒப்பவில்லை.

நுவரெலியாவிலிருந்து:

மனம் ஒப்பாதது சரியே. நான் விஞ்ஞானம் கற்பிப்பவள் என்பதால் சற்று நீட்டிச் சொல்வதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். இத்துவக்கில் இடும் கரிய வெடிமருந்தாகிய கருமருந்தில் ஏறத்தாழ 75 பங்கு வெடியுப்பு (பொற்றாசியம் நைத்திரேற்று), 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம். எரிந்த பின் அதன் நிறையில் பாதிக்கு மேல் வாயுவாகாமல் திண்மமாகவே எஞ்சுகிறது. அதிற் பெரும்பகுதி கரியன்று, பொற்றாசியம் காபனேற்று, சல்பேற்று, சல்பைட்டு முதலிய உப்புகள். அவை காற்றின் ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்னும். தேயிலைச் சாறேறிய கவ்வாத்துக் கத்தியைக் கழுவாமல் தோட்டத்து லயத்துக் கூரையிற் செருகிவிட்டு, மறுநாள் அதைச் செந்நிறமாக எடுத்த என் தகப்பனாருக்கு இதை விளக்க வேண்டியிராது. ‘கரி’ என்று படிப்பவர் எண்ணெய்த் துணியால் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டுப் படுத்துவிடுவார். எண்ணெயில் உப்புக் கரையாது. வெந்நீரும் சவர்க்காரமும் கொண்டு கழுவி, ஈரம் போக உலர்த்தி, அதன் பின்னரே எண்ணெய் பூச வேண்டும். கழுவும்போது எழும் அழுகிய முட்டை நாற்றம் சல்பைட்டினுடையது. ஆகவே ‘உப்புக்கசடு’ என்றே எழுதுங்கள். சொல்லைக் கேட்டவுடன் கை தண்ணீரைத் தேட வேண்டும்.

கண்டியிலிருந்து:

உப்புக்கசடு என்றால் உப்பளத்துக் கழிவு என்றுதான் எனக்குப் படுகிறது. பழஞ்சொல் ஒன்று இருக்கப் புதுச்சொல் எதற்கு? இரும்பின் கழிவைக் கிட்டம் என்பர். கிட்டுதல் என்பது நெருங்குதல், இறுகுதல். பல் கிட்டிக்கொண்டது என்கிறோம் அல்லவா? நாலைந்து வெடிக்குப் பின் குழல் நெருங்கிக் குண்டு கீழே இறங்க மறுக்குமென்றும், இடையிடையே ஈரத்துணியால் துடைக்க வேண்டுமென்றும் கேள்விப்பட்டிருக்கிறேன். குண்டைக் கிட்டவைப்பது கிட்டம். இதைவிடப் பொருத்தம் எங்கே கிடைக்கும்? மேலும், வெடிமருந்து மலைநாட்டுக்குப் புதிதன்று. கண்டி நாட்டின் வெடியுப்புக் குகைகளை ஜோன் டேவி 1821இல் வெளியான தம் நூலிலேயே விவரித்துள்ளார். அந்த மருந்தைச் சுட்டவர்கள் இந்த அழுக்கைப் பெயரில்லாமலா வழித்துப் போட்டிருப்பார்கள்?

பண்டாரவளையிலிருந்து:

ஐயா, அவர்கள் வைத்த பெயர் சிங்களமாகவும் இருந்திருக்கலாம். ‘கிட்ட’ என்பது வடமொழியிலும் அழுக்கு, இரும்புத்துரு என்ற பொருளில் உண்டு. யார் யாரிடம் வாங்கினார்கள் என்ற விசாரணை வெள்ளிக்கிழமைக்குள் முடியாது. அதைவிட, என் வகுப்பில் முப்பது பிள்ளைகளிடம் கிட்டம் என்றால், ‘கிட்ட வா’ என்றுதான் கேட்டுக்கொள்வார்கள். எச்சம் என்றாலோ காகத்தை நினைப்பார்கள். கசடு எல்லாருக்கும் தெரிந்த சொல். குறளில் அது குற்றத்தைச் சுட்டினாலும் அழுக்கு என்ற பொருளும் உள்ளதே. ‘வெடிக்கசடு’ என்போம். ஒன்று மட்டும்: ககர ஒற்றை விட்டுவிடாதீர்கள். ‘வெடிகசடு’ என்றால் வினைத்தொகையாகி, வெடிக்கும் கசடு என்று பொருள்பட்டுவிடும். துவக்கைக் கழுவ உட்கார்ந்தவர் எழுந்து ஓடுவார்.

நுவரெலியாவிலிருந்து:

ஒற்று இருக்கட்டும், உப்பு எங்கே? வெடிக்கசடு என்ற சொல் அது எங்கிருந்து வந்தது என்று சொல்கிறது. எதனால் போகும் என்று சொல்லவில்லை.

கண்டியிலிருந்து:

சொல் ஒன்று, செய்முறைக் குறிப்பு வேறு. அம்மா கேட்பதெல்லாம் ஒரே சொல்லில் அடங்க வேண்டுமென்றால் அது சிலப்பதிகாரத்துக்கு அடியார்க்கு நல்லார் எழுதிய விரிவுரைபோல் ஆகிவிடும். நான் கிட்டத்தை விட்டுக்கொடுக்கவில்லை. வாக்கெடுப்பில் தோற்றேன் என்று மட்டும் எழுதிக்கொள்ளுங்கள்.

அட்டனிலிருந்து:

அனைவருக்கும் நன்றி. தனிமடலில் வந்தவற்றையும் சேர்த்தால் ஐவர் வெடிக்கசடு, இருவர் உப்புக்கசடு, ஒருவர் கிட்டம். நூல் முழுதும் ‘வெடிக்கசடு’ என்று மாற்றிவிட்டேன். துப்புரவு அத்தியாயத்தின் முதல் வரியில் மட்டும், “வெடிக்கசடு பெரும்பாலும் உப்பு, அதை முதலில் நீராற் கழுவுக” என்று நானாகச் சேர்த்திருக்கிறேன். மூலத்தில் அவ்வரி இல்லை. பதிப்பாசிரியர் கண்ணில் பட்டால் வெட்டக்கூடும். இனி, குழலின் பின்புறம், அடித்தால் தீப்பொறி தரும் சிறு வெடித்தொப்பியைப் பொருத்தும் முளைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரை அப்படியே தமிழாக்கினால் வீட்டில் படிக்க முடியாது. அதற்கு நாளை மாலைக்குள் ஏதேனும் சொல்லுங்கள்.