சொந்தக் காசில் வாங்கிய துப்பாக்கி: தாய்லாந்துக் காவலர்களைப் பற்றி நாம் பார்த்தவை

மேனாம்கரை:

பக்கத்து வீட்டு அம்மா தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தபோது நான் அருகில் இருந்தேன். 2018-ஆம் ஆண்டு. பாங்காக்கின் யாவராட் தெருவில் சிவப்புப் பலகை மாட்டிய நகைக்கடைகள் வரிசையாக இருக்குமே, அவற்றில் ஒன்று. இரண்டு பாட் எடைச் சங்கிலி அது. இங்கே பணத்துக்கும் பாட், தங்க எடைக்கும் பாட். எடையில் ஒரு பாட் என்றால் 15 கிராமுக்குச் சற்று அதிகம். விற்றதில் கிட்டத்தட்ட 40 ஆயிரம் கிடைத்தது. அந்த அம்மாவுக்குப் பணத்தை எண்ணக் கை வரவில்லை. என்னிடம் நீட்டி எண்ணச் சொன்னார்.

அங்கிருந்து நேராக வாங் புரபா போனோம். பாங்காக்கில் துப்பாக்கிக் கடைகள் நிறைந்த பகுதி அது. மகன் காவலர் பயிற்சியை முடித்து வேலையில் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன. கையில் வரும் சம்பளம் 15 ஆயிரத்தைத் தொடவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த குளோக் துப்பாக்கியின் விலையோ 80 ஆயிரத்தை நெருங்கியது. சங்கிலிப் பணம் போக மிச்சத்துக்குக் காவலர் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் போட்டிருந்தான்.

"அரசாங்கம் கொடுக்காதா?" என்று அவனிடம் கேட்டேன். நிலையத்தில் பொதுத் துப்பாக்கிகள் உண்டாம். பழைய ரிவால்வர்கள். கையெழுத்துப் போட்டு வாங்கி, வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும். தொலைந்தால் விசாரணையும் பணமும் அவன் தலையில் விழும். "அதை நம்பி ராத்திரி ரோந்து போகாதே" என்று மூத்தவர்கள் முதல் வாரத்திலேயே சொல்லிவிட்டார்களாம். துப்பாக்கி மட்டுமா? கைவிலங்கு, இடுப்பு வார், ரோந்து மோட்டார் சைக்கிள், அதற்குப் பெட்ரோல், முதல் தகவல் எழுதும் தாள் வரை பல நிலையங்களில் காவலர்கள் தங்கள் காசைத்தான் போடுகிறார்கள். இது தாய்லாந்துப் பத்திரிகைகளில் பலமுறை வந்த செய்தி.

கடையில் விலை இவ்வளவு ஏறுவதற்குக் காரணம் உண்டு. 1947-ஆம் ஆண்டின் துப்பாக்கிச் சட்டப்படி, ஒரு கடை ஆண்டுக்கு இத்தனைதான் இறக்குமதி செய்யலாம் என்று ஒதுக்கீடு இருக்கிறது. வேண்டுவோர் பலர், சரக்கோ கொஞ்சம். அதனால்தான் காவலர்களுக்கென்று தனியாக நலத்திட்டத் துப்பாக்கி வந்தது. ஒதுக்கீட்டுக்கு வெளியே மொத்தமாக இறக்கி, மலிவு விலையில், சம்பளத்தில் பிடித்துக் கொள்வார்கள். ஒருமுறை சிக் சவர் பி320 வகையை இப்படிப் பெருமளவில் கொண்டுவந்தபோது ஒன்றின் விலை 24 ஆயிரம் பாட்டை ஒட்டி இருந்தது. பக்கத்து வீட்டுப் பையனுக்கு அந்தச் சுற்று கிடைக்கவில்லை. அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது. அதனால்தான் சங்கிலி போயிற்று.

அன்று முதல் எனக்குள் ஒரு கேள்வி இருக்கிறது. 15 ஆயிரம் சம்பளக்காரனை 80 ஆயிரம் துப்பாக்கிக்குக் கடன்பட வைத்துத் தெருவில் நிறுத்தினால், அந்தக் கடனைக் கடைசியில் அடைப்பது யார்? இங்கே வாழும் நம்மவர்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்.

நெடுஞ்சாலை:

மேனாம்கரை, அடைப்பது யார் என்று கேட்டீர்கள். நான் அடைத்திருக்கிறேன்.

சரக்குப் போக்குவரத்துத் தொழிலில் இருக்கிறேன். நாக்கோன் பதோம், ராட்சபுரி பக்கம் வண்டிகள் ஓடுகின்றன. ஒருநாள் இரவு மணி ஒன்றிருக்கும். எங்கள் வண்டியை மறித்தார்கள். ஓட்டுநருக்குப் பக்கத்தில் நானும் இருந்தேன். எடை சரி, தாள்கள் சரி. ஆனாலும் விடவில்லை. அந்தக் காவலருக்கு முப்பது வயது இருக்கும், களைத்த முகம். அதட்டவில்லை, மிரட்டவில்லை. தன் மோட்டார் சைக்கிளைக் காட்டி, "இது என்னுடையது" என்றார். பெட்ரோல் டாங்கைத் தட்டி, "இதுவும் என்னுடையது" என்றார். இடுப்பைத் தொட்டு, "இதற்கு இன்னும் இரண்டு வருடம் கட்ட வேண்டும்" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஓட்டுநர் இருநூறு பாட்டை எடுத்து உரிமத்தோடு சேர்த்துக் கொடுத்தார். உரிமம் மட்டும் திரும்பி வந்தது.

தாய் மொழியில் இதற்கு 'வெந்நீர், தேநீர்க் காசு' என்று பெயர். நம் ஊர் மாமூல்தான். மாதா மாதம் மேலே போகும் காசுக்கு 'சுவாய்'. பழங்காலத்தில் திறை கட்டுவதற்கு இருந்த சொல் அது. 2023 மே மாதம் நாடாளுமன்றத்துக்குத் தேர்வாகியிருந்த ஒருவர் லாரி ஸ்டிக்கர் விவகாரத்தை வெளியே கொண்டுவந்தாரே, நினைவிருக்கிறதா? கண்ணாடியில் முயல், சூரியன் என்று ஏதாவது ஒரு படம் ஒட்டியிருந்தால் அதிக எடை ஏற்றிய வண்டியும் தடையில்லாமல் போகும். ஸ்டிக்கருக்கு மாதச் சந்தா. எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு அது செய்தியே இல்லை. வண்டி ஓட்டும் பையன்களுக்கு எந்தப் படம் எந்தச் சாலைக்கு என்று மனப்பாடமாகத் தெரியும்.

அந்தக் காவலர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை என்றால் பொய். ஆனால் இருநூறு பாட் வாங்கிய அந்தக் கையைவிட, அவர் சொன்ன அந்த மூன்று வாக்கியங்கள்தான் எனக்கு இன்றும் உறுத்துகின்றன. வழிப்பறி செய்கிறவன் வெட்கப்படுவான். இவர் கணக்குச் சொன்னார்.

இதே நாக்கோன் பதோமில்தான் 2023 செப்டம்பரில் செல்வாக்குள்ள ஓர் ஊர்த்தலைவர் வீட்டு விருந்தில் நெடுஞ்சாலைக் காவல் அதிகாரி சுட்டுக் கொல்லப்பட்டார். இருபதுக்கும் மேற்பட்ட காவலர்கள் அந்த விருந்தில் இருந்தார்கள். கேமரா பதிவுப் பெட்டியைக் கால்வாயில் எறிந்துவிட்டார்கள். பிறகு தேடி எடுத்தார்கள். நாள்தோறும் நாங்கள் போகும் சாலை அது. சட்டைப்பையில் கைவைத்துக் கொடுக்கிறவனுக்கு முன்னால் காவலர் எவ்வளவு சிறுத்துப்போகிறார் என்பதை அந்த வாரம் ஊரே பார்த்தது.

கல் வியாபாரி:

சுருக்கமாக ஒன்று. பாங்காக்கின் சீலோம் பக்கம் ரத்தினக் கற்கள் வாங்கி விற்கிறேன். என் தாய்லாந்துக் கூட்டாளி பாதுகாப்புக்கென்று ஒரு கைத்துப்பாக்கி வாங்க நினைத்தார். கடை விலையைக் கேட்டுத் தயங்கியபோது, தெரிந்தவர் ஒருவர் வழி சொன்னார். நலத்திட்டப் பட்டியலில் பெயர் வந்து, கட்டப் பணமில்லாமல் தவிக்கும் காவலர் ஒருவர் இருக்கிறாராம். பணத்தை நாம் கொடுத்தால் பெயர் அவருடையதாக இருக்கும், பொருள் நம்மிடம் இருக்கும். கைமாற்றத் தடையுள்ள ஆண்டுகள் முடிந்ததும் முறைப்படி பெயர் மாற்றிக்கொள்ளலாம்.

கூட்டாளி மறுத்துவிட்டார். அந்த நேர்மைக்காக அவரை இன்னும் மதிக்கிறேன். ஆனால் வேறு யாரோ ஒப்புக்கொண்டிருப்பார்கள். மக்கள் கையில் சுமார் ஒரு கோடித் துப்பாக்கிகள் இருப்பதாக 2017-இல் மதிப்பிடப்பட்ட நாடு இது. பதிவானவை 60 லட்சத்துக்குச் சற்று அதிகம். மீதி நாற்பது லட்சம் எந்த வழியாக வந்தன என்று கேட்டால், இதுவும் ஒரு வழி என்றுதான் சொல்வேன்.

ஹாட் யாய் வாசி:

எல்லாவற்றையும் படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் பினாங்குத் தமிழச்சி. என் கணவர் தாய்லாந்துக் காவலர், தென் மாகாணங்களில் பணி.

அவருடைய துப்பாக்கியும் சொந்தக் காசுதான். 48 தவணை. சம்பளச் சீட்டை ஒவ்வொரு மாதமும் நான்தான் வாங்கிப் பார்ப்பேன். கூட்டுறவுக் கடன், வீட்டுக் கடன், துப்பாக்கி, காவலர் ஈமச்சடங்கு நிதி என்று ஒன்றன்கீழ் ஒன்றாகக் கழித்துக்கொண்டே வந்து, கடைசி வரியில் நிற்கும் தொகையில் பள்ளிக் கட்டணம் கட்ட முடியாது. அதற்காகத்தான் நான் வீட்டில் அப்பம் சுட்டு விற்கிறேன். நாற்பத்தெட்டு மாதமும் அந்தக் கடன் அடைந்தது என் அடுப்பிலிருந்து. நெடுஞ்சாலை அண்ணா சொன்னது நடக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் சொந்தக் காசில் துப்பாக்கி வைத்திருக்கிற ஒவ்வொருவரும் தெருவில் கை நீட்டுகிறார் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அரசாங்கம் நாளைக்கே புதுத் துப்பாக்கி கொடுத்தாலும் என் கணவர் தன்னுடையதைத்தான் எடுத்துப் போவார். எத்தனை கை மாறியது, யார் எண்ணெய் போட்டார்கள், கீழே விழுந்ததா என்று தெரியாத ஆயுதத்தை நம்பி அந்த ஊர்ச் சாலையில் போக முடியாது. ஞாயிற்றுக்கிழமைதோறும் செய்தித்தாளை விரித்து, ஒவ்வொரு பாகமாகக் கழற்றித் துடைத்து வைப்பார். அந்த அரை மணி நேரம் பிள்ளைகள் அறைக்குள் வரக்கூடாது. அரசாங்கக் கிடங்கு என்றால் பத்திரம் என்று நினைக்கவும் வேண்டாம். 2004 ஜனவரி 4-ஆம் தேதி நரதிவாட் ராணுவ முகாமிலிருந்து 400-க்கும் மேற்பட்ட துப்பாக்கிகளை ஒரே இரவில் அள்ளிப் போனார்கள். தென் மாகாணங்களின் பிரிவினைவாதக் கலவரம் பெரிதாக மீண்டும் மூண்டதே அந்த இரவில்தான்.

எனக்கு ஆற்றாமை எல்லாம் வேறு இடத்தில். பதவி உயர்வுப் பட்டியல் வரும் காலத்தில் வீட்டில் ஒரு சொல் அடிபடும்: 'துவா'. டிக்கெட் என்று பொருள். பெரிய இடத்துப் பரிந்துரைக் கடிதம். 2021 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் 'யானை டிக்கெட்' என்று பேசப்பட்டதும் இதைத்தான். என் கணவரிடம் டிக்கெட் இல்லை. துப்பாக்கிக்குக் கட்டுவது வெளியே தெரிகிற கடன். நாற்காலிக்குக் கட்டுகிறவர்கள் அதைப் பல மடங்காகத் திருப்பி எடுக்கிறார்கள். கீழே நிற்பவரின் இடுப்பை மட்டும் பார்க்காமல், மேலே உட்கார்ந்திருப்பவரின் வீட்டு வாசலையும் பாருங்கள். 2021-இல் நாக்கோன் சவான் காவல் நிலையத் தலைவர் விசாரணைக் கைதியின் தலையில் பிளாஸ்டிக் பைகளைக் கவிழ்த்துக் கொன்ற வழக்கில், அவர் வீட்டில் வரிசையாக நின்ற ஆடம்பரக் கார்களை நாடே பார்த்தது. அவருக்கு வழங்கிய பெயரே 'ஜோ ஃபெராரி'.

மேனாம்கரை:

ஹாட் யாய் அக்கா, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். அடுப்பிலிருந்து அடைந்த கடனைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. என் கேள்வியில் இருந்த அவசரத்துக்காக வருந்துகிறேன்.

ஆனாலும் ஓர் இடத்தில் நான் மாறுபடுகிறேன். என் தந்தை தமிழ்நாட்டில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். பந்தோபஸ்துக்குப் போகும் நாளில் அவர் துப்பாக்கி வாங்கும்போது பதிவேட்டில் எண் எழுதுவார்கள், தோட்டாவை எண்ணிக் கொடுப்பார்கள், திரும்பி வந்ததும் எண்ணி வாங்குவார்கள். ஒரு தோட்டா குறைந்தால் அன்று வீட்டுக்கு வர முடியாது. அந்த ஆயுதம் ஒருநாளும் அவருடையதாக இருந்ததில்லை. உத்தியோகத்தோடு வந்தது, உத்தியோகத்தோடு போனது. சொந்தக் காசில் வாங்கும்போது இந்தக் கயிறு அறுந்துபோகிறது. காவலர் நல்லவரா கெட்டவரா என்பதைக் கடந்த விஷயம் இது.

2022 அக்டோபர் 6-ஆம் தேதியை நினைத்துப் பாருங்கள். நோங் புவா லாம்பு மாகாணத்தில், உத்தாய் சவான் என்ற ஊரின் குழந்தைகள் காப்பகம். போதை மாத்திரை வழக்கில் வேலையிலிருந்து நீக்கப்பட்ட முன்னாள் காவலர் 36 பேரைக் கொன்றார். அவர்களில் 24 பேர் குழந்தைகள். பலரைக் கொன்றது கத்தி. ஆனால் அவர் கையில் 9 மி.மீ. கைத்துப்பாக்கியும் இருந்தது, சட்டப்படி அவரே வாங்கியது. சீருடை போயிற்று, சம்பளம் போயிற்று, துப்பாக்கி மட்டும் அவரிடமே இருந்தது.

2023 அக்டோபரில் சியாம் பாரகன் வணிக வளாகத்தில் பதினான்கு வயதுச் சிறுவன் சுட்ட பிறகு, உள்துறை அமைச்சகம் அனுமதிகளை இறுக்கியது. அது எவ்வளவு தூரம் போகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் ஒவ்வொரு காவலருக்கும் அரசே ஆயுதம் கொடுத்து, அரசே திரும்ப வாங்கிக்கொள்ளும் என்று சொல்ல எவருக்கும் மனம் வரவில்லை. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட காவலர்கள் தங்கள் காசில் செலவு செய்துகொண்டிருக்கும்வரை வரவுசெலவுத் திட்டத்துக்கு அது சுமையில்லைதான்.

அந்தப் பக்கத்து வீட்டுப் பையனின் கதையையும் சொல்லிவிடுகிறேன். கடன் முடிந்த மறுவருடம் வேலையை விட்டுவிட்டான். காரணத்தை அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. இப்போது ஊருக்குப் போய் மாமாவோடு மீன் குட்டை பார்க்கிறான். விலகும்போது அடையாள அட்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். துப்பாக்கியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்க உரிமையும் இல்லை, அவன் பெயரில் உரிமம் இருக்கிறது.

அது இப்போது அந்த அம்மாவின் அலமாரியில், மடித்து வைத்த துணிகளுக்கு அடியில், கடைக்காரன் கொடுத்த அதே கறுப்புப் பெட்டிக்குள் இருக்கிறது. போன மாதம் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். தங்கம் அன்றைய விலையைப்போல இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிட்டது, இதை விற்றால் சங்கிலியில் பாதியாவது திரும்ப வாங்க முடியுமா என்று கேட்டார். வாங்குகிறவரிடம் அனுமதிச் சீட்டு இருக்க வேண்டும், இல்லாதவரிடம் எந்த விலைக்கும் கொடுக்கக் கூடாது என்றேன். அனுமதிச் சீட்டைப் பற்றிப் பேச்சே எடுக்காமல் நல்ல விலை சொல்லி ஏற்கெனவே இரண்டு பேர் வந்து போயிருக்கிறார்கள். ஒருவர் மகனுடைய பழைய நிலையத்திலிருந்து வந்தவராம். அந்த அம்மா பெட்டியை மூடித் துணிக்கு அடியில் தள்ளிவிட்டு, அலமாரிச் சாவியை என்னிடம் கொடுத்து வைக்கட்டுமா என்று கேட்டார். வாங்கி வந்திருக்கிறேன். என் சமையலறையில், மிளகாய்த்தூள் டப்பாவுக்குப் பின்னால் இருக்கிறது.