போருக்கு முந்தைய சொகுசு கார்கள்: பாடி கட்டியது பொறியியலா, அலங்காரமா?

அச்சாணி:
1920, 30களின் பெரிய கார்களைப் பற்றிப் பேச்சு வந்தாலே, "எஞ்சின்தான் விஷயம், மேலே இருப்பதெல்லாம் பணக்காரப் பகட்டு" என்று பலர் முடித்துவிடுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. அன்று கம்பெனி பெரும்பாலும் சேஸியைத்தான், அதாவது எஞ்சினும் சக்கரமும் பூட்டிய அடிச்சட்டத்தைத்தான் விற்றது; வாங்கியவர் தனக்குப் பிடித்த பட்டறையில் பாடி கட்டிக்கொண்டார். கரூரில் பஸ் பாடி கட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அந்தப் பட்டறைகளில் நடந்ததும் பொறியியல்தான்.

லேத்துக்காரன்:
அச்சாணி சார், அமெரிக்காவின் டூசன்பர்க் ஜே காரை எடுத்துக்கொள்ளுங்கள். 1928இல் வந்தது. 6.9 லிட்டர், வரிசையாக எட்டு சிலிண்டர், சிலிண்டருக்கு நாலு வால்வு, கம்பெனி சொன்ன கணக்கு 265 குதிரைத்திறன். வெறும் சேஸியே 8,500 டாலர். பொறியியல் என்றால் அது. மேலே பட்டறைக்காரர் கட்டிய பாடி? மரச்சட்டம், அதன்மேல் ஆணியடித்த தகடு. கோச்சு வண்டிக் காலத்து வேலையேதான்.

அச்சாணி:
மரச்சட்டம் என்று சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள். மேடு பள்ளத்தில் அந்தக் கால சேஸி முறுக்கிக்கொள்ளும். மேலே இருக்கும் விறைப்பான பாடி கிறீச்சிடும், விரிசல் விடும். இதற்கு விமானத் துறையிலிருந்து வந்த சார்லஸ் வேமன் கண்ட வழியைப் பாருங்கள். அவர் சட்டத்தில் ஒரு மரத்துண்டு இன்னொன்றைத் தொடவே தொடாது. மூட்டுக்கு மூட்டு உலோகப் பட்டை வைத்துத் திருகி, நடுவே சிறு இடைவெளி விட்டார். மேலே தகட்டுக்குப் பதில் ரெக்சின் போன்ற துணி. சேஸி முறுக்கினால் பாடியும் கூடவே வளைந்து கொடுக்கும். சத்தமில்லை, எடையும் குறைவு. யோசிக்காமல் வருமா இது?

சக்கரம்72:
புகாட்டி அட்லாண்டிக்கை மறந்துவிட்டீர்களே! முதுகில் ஓடும் அந்த ரிவெட் அடித்த விளிம்பு சும்மா வந்ததில்லை. 1935 பாரிஸ் கண்காட்சிக்கு வந்த அதன் முன்மாதிரிக் கார் ஏரோலித்தின் பாடி எலெக்ட்ரான் என்ற மக்னீசியக் கலவை. வெல்டிங் வைத்தால் தீப்பிடிக்கும். அதனால் ஓரங்களை வெளியே மடித்து ரிவெட் அடித்தார்கள்.

லேத்துக்காரன்:
தம்பி, அதற்குப் பிறகு செய்த நாலு அட்லாண்டிக்கும் அலுமினியம். வெல்டு பண்ணலாம். ஆனாலும் விளிம்பு போகவில்லை. அப்போ அது அலங்காரம்தானே? அந்தக் காரில் நான் மெச்சுவது கீழே இருப்பதை: பின் அச்சு சேஸி சட்டத்தைத் துளைத்துக்கொண்டு போகிறது, கார் அவ்வளவு தாழ்வாக உட்கார அதுதான் ஒரு காரணம்.

அச்சாணி:
அட்லாண்டிக்கை நான் சாட்சிக்கு அழைக்கவே இல்லை. மிலான் நகர டூரிங் பட்டறையின் சூப்பர்லெஜேரா (மிக லேசானது என்று பொருள்) முறைக்கு வாருங்கள். மெல்லிய ஸ்டீல் குழாய்களைக் காரின் வடிவத்துக்கே வளைத்து ஒரு கூடு. அதன்மேல் கையால் தட்டி எடுத்த அலுமினியத் தகடு. இரண்டு உலோகமும் தொட்டுக்கொண்டால் அரிக்கும் என்பதால் நடுவே துணி. ஆல்ஃபா ரோமியோ 8சி 2900பி-க்கு இப்படித்தான் பாடி கட்டினார்கள். 1938 மில்லே மிலியா பந்தயத்தில் ஜெயித்ததும் டூரிங் பாடி போட்ட 2900பி-தான். பகட்டுக்குக் கட்டியது பந்தயத்தில் ஜெயிக்குமா?

லேத்துக்காரன்:
நல்ல வேலை, மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கூடும் தனி சேஸியின் மேல்தான் உட்கார்ந்தது. 1922 லான்சியா லாம்டா, 1934 சித்ரோன் டிராக்சியோன் அவான் இரண்டிலும் தனி சேஸி கிடையாது, பாடியே சேஸி. உண்மையான பாய்ச்சல் அங்கே நடந்தது. பாடி பட்டறைகளின் பிழைப்பையே கெடுத்தது அதுதான்.

அச்சாணி:
சித்ரோன் மாதிரி செய்ய தகட்டை அழுத்தி வடிவெடுக்கப் பெரிய பிரஸ்ஸும் டை என்ற அச்சும் வேண்டும், ஆயிரக்கணக்கில் விற்கவும் வேண்டும். சில பத்துக் கார்களுக்கு யார் டை வெட்டுவார்கள்? குறைந்த எண்ணிக்கைக்கு டூரிங்கின் வழிதான் சரி. 1958இல் வந்த ஆஸ்டன் மார்ட்டின் டிபி4 அதே முறையைத்தான் உரிமம் வாங்கிப் பயன்படுத்தியது. முதலில் வரைந்திருந்த சேஸி தங்கள் பாடிக்கு ஒத்துவராது என்று டூரிங் சொல்லிவிட்டது. அப்புறம் ஆஸ்டன் மார்ட்டின் பொறியாளர் ஹரால்ட் பீச், தட்டையான மேடை போன்ற பிளாட்ஃபார்ம் சேஸி ஒன்றைப் புதிதாக வரைந்தார். பாடி கட்டியவர்களுக்காக சேஸியையே மாற்றினார்கள், சார்.