டிஏஏடி உதவித்தொகை: பரிந்துரைக் கடிதத்தை நானே எழுதலாமா?

தஞ்சைப் பொண்ணு:
ஜெர்மனியில் நீர்வளப் படிப்புக்கு டிஏஏடியின் (ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பு) இபோஸ் உதவித்தொகை (வளரும் நாட்டவர் அங்கே மேற்படிப்பு படிக்க) கேட்டு விண்ணப்பிக்கிறேன். சிவில் முடித்துவிட்டு, ஏரி வாய்க்கால் தூர்வாரும் ஒரு தொண்டு நிறுவனத்தில் 3 வருடமாக வேலை. மேலாளரிடம் பரிந்துரைக் கடிதம் கேட்டால், "நீயே டைப் பண்ணிட்டு வாம்மா, கையெழுத்துப் போட்டுத் தர்றேன்" என்கிறார். அப்புறம், மார்க் ஷீட்டில் இனிஷியல். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக சர்நேம் ஆகிவிட்டது. சிக்கல் வருமா?

வாய்க்கால் அக்கா:
நான் இபோஸில் படித்து வந்தவள். பெயருக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே, நம் ஊரில் பாதிப் பேருக்கு இதே கதைதான். விண்ணப்பத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுது. இரண்டு பெயரும் ஒருவரே என்று நோட்டரியிடம் அஃபிடவிட் வாங்கி, மார்க் ஷீட்டோடு சேர்த்து வை.

கடிதத்தை நீ எழுதாதே. ஏன் இந்தப் படிப்பு என்று நீ எழுதும் மோட்டிவேஷன் கடிதத்தையும் அதையும் அடுத்தடுத்துப் படிப்பவருக்கு ஒரே கை என்று பட்டென்று தெரிந்துவிடும். மேலாளரிடம் அரைப்பக்கக் குறிப்பு கொடு: எந்த ஏரி, எந்த வருடம், மதகுக்கு லெவல் எடுத்தது யார், கடைமடைக்காரர்கள் கூட்டத்தில் சண்டைக்கு வந்தபோது நீ என்ன செய்தாய். அதைப் பார்த்து அவர் தமிழிலேயே சொல்லட்டும். ஆபீஸில் வேறு யாராவது ஆங்கிலத்தில் தட்டித் தரட்டும். 'கடின உழைப்பாளி, நேர்மையானவர்' என்று மட்டும் எழுதினால் அது யாருக்கும் பொருந்தும் கடிதம்.

லெட்டர்ஹெட், கையெழுத்து, ரப்பர் ஸ்டாம்ப், சமீபத்திய தேதி எல்லாம் இருக்கணும். படித்து வந்தபின் திரும்ப வேலைக்கு எடுத்துக்கொள்வோம் என்று ஒரு வரியும் கேள். கூச்சப்படாதே, அதற்கு மதிப்பு உண்டு.

பழைய பாவி:
சில விஷயம். விண்ணப்பம் நேராகப் பல்கலைக்கழகத்துக்குத்தான் போகும். கடைசித் தேதி படிப்புக்குப் படிப்பு மாறும். பட்டம் வாங்கிப் பொதுவாக 6 வருடத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. சிவி யூரோபாஸ் வடிவத்தில் (ஐரோப்பாவின் பொதுவான சிவி படிவம்), கீழே பேனாக் கையெழுத்தோடு.

தஞ்சைப் பொண்ணு:
நன்றி அக்கா. குறிப்பு கொடுத்துவிட்டேன். வேலை உறுதி வரிக்குத் தலைமை அலுவலகத்தைக் கேட்கணுமாம். என் சிஜிபிஏ 7.8, போதுமா?

வாய்க்கால் அக்கா:
ஜெர்மன் கணக்கில் 1தான் உச்சம், 4 பாஸ். 10இலிருந்து உன் 7.8ஐக் கழி: 2.2. அதை 5ஆல் வகு (10க்கும் பாஸ் மார்க் 5க்கும் உள்ள இடைவெளி), 3ஆல் பெருக்கி 1 கூட்டு. 2.3 வரும். மோசமில்லை, தைரியமாகப் போடு. தலைமை அலுவலகத்துக்கு மெயிலை மட்டும் இன்றே அனுப்பச் சொல், அங்கேதான் இழுத்தடிப்பார்கள்.