பழைய சாமான் கடையில் கிடைத்த ஃபைபர் தூண்டில் கம்பு: உங்களில் யாருக்காவது இந்த அனுபவம் உண்டா?

காரைக்குடிக்காரர் (தொடங்கியவர்)

பொங்கலுக்கு முந்தைய வாரம் முனீஸ்வரன் கோயில் தெருவில், பழைய சாமான் கடை ஒன்றுக்குப் பித்தளைக் கூஜா பார்க்கப் போயிருந்தேன். எனாமல் தூக்குச்சட்டிகளுக்கும் ஓடாத சுவர்க் கடிகாரங்களுக்கும் பின்னால் ஓர் அலுமினியக் குழாய் சாய்ந்து நின்றது. "அது திரைச்சீலை மாட்டுற கம்பு தம்பி, வெள்ளைக்காரன் காலத்துது" என்றார் கடைக்காரர். மூடியைத் திருகினால் உள்ளே மக்கிப்போன துணிப்பை, அதற்குள் இரண்டு துண்டாக ஒரு ஃப்ளை ராட், இறகால் கட்டிய பூச்சியை வீசி மீன் பிடிக்கிற கம்பு. வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பிடித்தேன். வெல்லப்பாகு மாதிரி வெளிச்சம் உள்ளே புகுந்து நின்றது. கார்பன் கம்பில் வெளிச்சம் புகாது. பிளந்து ஒட்டிய மூங்கில் என்றால் ஆறு பட்டையும் கையில் தட்டுப்படும். இது உருண்டை, வழவழப்பு. ஃபைபர் கிளாஸேதான், அதாவது கண்ணாடி இழை. வெள்ளைக்காரன் காலத்ததும் இல்லை. அமெரிக்காவில் ஷேக்ஸ்பியர் கம்பெனியின் கண்ணாடி இழைக் கம்பு கடைக்கு வந்ததே அவன் இங்கிருந்து கிளம்பிய 1947 வாக்கில்தான். கடைக்காரர் 600 சொன்னார், 450-இல் முடிந்தது. கூஜா வாங்கவில்லை. அதற்காக வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.

புதியவர்களுக்காகக் கொஞ்சம். நம் தூண்டிலில் ஈயக்குண்டின் கனம் நரம்பை இழுத்துக்கொண்டு போகும். ஃப்ளை ஃபிஷிங்கில் கொக்கியில் கட்டுவது இறகுப் பூச்சி, அதற்குக் கனமே கிடையாது. கனம் லைனில், அதாவது வீசுகிற தடித்த நூலில் இருக்கிறது. லைனின் கனத்தை நம்பரில் சொல்வார்கள், 5-ஆம் நம்பர் லைன் என்றால் முதல் 30 அடி சுமார் 9 கிராம். அந்தக் கனத்தைப் பின்னால் வீசி, அது கம்பை வளைத்து, வளைந்த கம்பு நிமிரும்போது லைனை முன்னால் எறிகிறது. கார்பன் இழை கண்ணாடி இழையைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு விறைப்பு, எடையும் குறைவு. அதனால் எழுபதுகளில் கார்பன் வந்ததும் எல்லோரும் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். 60 அடி, 70 அடி வீச அதுதான் சரி. ஆனால் வெறும் 20 அடி லைன் வெளியே இருக்கும்போது பல கார்பன் கம்புகள் அசைந்தே கொடுக்காது. ஃபைபர் அப்போதே வளைந்துவிடும். இன்றைக்கு அமெரிக்காவில் ஸ்காட், ஆர்விஸ், ரெடிங்டன், நியூசிலாந்தில் எபிக் என்று பலரும் மறுபடி கண்ணாடி இழையில் கம்பு செய்வதற்குப் பழசு மேல் பாசம் மட்டும் காரணமாகத் தெரியவில்லை. சின்ன ஓடைகளில் மீன் பக்கத்தில்தான் நிற்கிறது. நம் கண்மாயிலும் அப்படித்தானே?

மார்கழி மழைத் தண்ணீர் இன்னும் வடியாத கண்மாய். மீன் ஏலம் எடுத்தவர் தெரிந்தவர், கேட்டுக்கொண்டு கலுங்குப் பக்கம் இறங்கினேன். பத்து எட்டுத் தொலைவில் அல்லி இலைகளுக்கு நடுவே ஜிலேபி மீன் மேலே வந்து வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. என் கார்பன் கம்பில் பழகிய வேகத்தில் வீசினேன். லைன் சுருண்டு என் முழங்காலிலேயே விழுந்தது. இரண்டாவது தடவையும் அதே கதை. அப்புறம் புரிந்தது, இந்தக் கம்புக்கு அவசரம் ஆகாது. பின்னால் வீசியதும் மனசுக்குள் 'காரைக்குடி' என்று முழுசாகச் சொல்லி முடித்துவிட்டு முன்னால் தள்ளினேன். லைன் நீண்டு போய் இலைக்கு ஒரு சாண் தள்ளிப் பூச்சியை வைத்தது. விழுந்த சத்தமே இல்லை.

பிடித்த ஜிலேபி அரைக் கிலோகூட இருக்காது. ஆனால் கம்பு கைப்பிடித் தக்கை வரை வளைந்துவிட்டது. மீன் வாலை அடிக்கும் ஒவ்வொரு அடியும் தக்கைக்குள் துடித்தது. கார்பனில் இதே மீனைத் தூக்கிக் கரையில் போட்டுவிட்டு அடுத்ததைப் பார்த்திருப்பேன்.

உங்கள் கதைகளைச் சொல்லுங்கள்.

தேவகோட்டை ஆச்சி

தம்பி, எங்கள் வீட்டில் இதேபோல் ஒன்று ரொம்ப நாள் ஒட்டடைக் கம்பாக இருந்தது! ஐயா சிலோனில் கடை வைத்திருந்தவர்கள். அறுபதுகளில் கணக்கை முடித்துக்கொண்டு ஊர் திரும்பியபோது, நுவரெலியாப் பக்கம் டிரவுட் மீன் பிடிக்கிற தோட்டத்துத் துரை ஒருவர் கொடுத்தது என்று அப்பத்தா சொல்லுவார்கள். ஐயா அதை வைத்து மீன் பிடித்ததே இல்லை. நாங்கள்தான் பின்கட்டு மாமரத்தில் மாங்காய் தட்டினோம். நுனித் துண்டில் லைன் ஓடுகிற வளையம் இரண்டு காணாமல் போனது அப்படித்தான். ஆனால் கம்பு முறியவில்லை, அதைக் கவனியுங்கள்.

என் மகன் அமெரிக்காவில் இருக்கிறான். போன வருடம் கோயில் திருவிழாவுக்கு வந்தபோது புதுசாக ஒரு ஃபைபர் கம்பு கொண்டுவந்தான். இரண்டையும் வளவில், அதாவது வீட்டு நடுமுற்றத்தில் வைத்துப் பார்த்தோம். பழையது கையில் பிடித்தால் நுனி கனத்து மண்டையைத் தொங்கப் போடுகிறது, வீசி முடித்த பிறகும் இரண்டு தடவை ஆடுகிறது. புதியது எஸ்-கிளாஸ் என்கிற வகைக் கண்ணாடி இழையாம். பழைய இ-கிளாஸைவிட விறைப்பு, சுவரும் மெல்லிசு. ஆடி நிற்பது சீக்கிரம். "பழைய கம்பின் குணம் இருக்கு ஆத்தா, குறை இல்லை" என்றான். எனக்கென்னவோ அந்த ஆட்டமும் பிடித்திருந்தது.

கொக்கிக்குப் பதில் சிவப்பு உல்லன் நூல் கட்டி வளவிலேயே வீசிப் பழகினான். மூன்றாவது வீச்சில் நூல் முகப்புச் சர விளக்கில் போய்ச் சிக்கிக்கொண்டது. பெல்ஜியம் கண்ணாடி. ஏணி வைத்து எடுத்தோம். அதற்குப் பிறகு திடலுக்குப் போகச் சொல்லிவிட்டேன்.

உதிர்ந்த வளையங்களைத் திரும்பக் கட்ட நூல் தேடியபோது, கண்டாங்கி நெய்கிற வீட்டில் அரக்கும் மஞ்சளும் கொஞ்சம் வாங்கி வந்தோம். வளையத்தின் காலை இழைத்துத் தட்டையாக்கி, நூலை இடைவெளி இல்லாமல் சுற்றி, வால்முனையை அடியில் இழுத்து முடிந்து, மேலே வார்னிஷ். வார்னிஷ் பட்டதும் மஞ்சள் செத்துப்போய்ப் பழுப்பாகிவிட்டது. அரக்கு மட்டும் நின்றது. பருத்தி நூலில் கட்டுகிறவர்கள் முதலில் துண்டு நூலில் வார்னிஷ் தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

புதுவயல்காரர்

மற்றவர்கள் மென்மை, வளைவு என்று பேசுகிறீர்கள். நான் ஃபைபருக்கு மாறியது பயத்தில்.

எங்கள் ஊருக்குப் பக்கத்துக் கண்மாயில் கரையை ஒட்டி 11 கே.வி. மின்கம்பி போகிறது. வெயில் காலத்தில் தொய்ந்து இன்னும் கீழே வரும். நானும் நண்பரும் 9 அடி கார்பன் கம்புகளோடு கரை மேல் நின்றோம். கரையே ஆள் உயரத்துக்கு மேல், அதன் மேல் ஆள், அவர் தூக்கிய கை, அதற்கு மேல் கம்பு. கணக்குப் போட்டுப் பாருங்கள். நண்பர் பின்வீச்சுக்குக் கம்பைத் தூக்கவும், கீழே மடையைத் திறந்துகொண்டிருந்தவர் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. "அடேய் அப்பு, கம்ப எறக்குடா! மேல பாருடா!" நுனிக்கும் கம்பிக்கும் நடுவில் எவ்வளவு இருந்தது என்று பிறகுதான் பார்த்தோம். அன்றைக்கு இருவருமே மீன் பிடிக்கவில்லை.

கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். கண்ணாடி இழை கடத்தாது. அதற்காக ஃபைபர் வைத்திருக்கிறோம் என்று கம்பிக்கு அடியில் நிற்காதீர்கள். கம்பு ஈரமாக இருக்கும், லைன் ஈரமாக இருக்கும், வளையமெல்லாம் உலோகம். இடி இடித்தாலும் எந்தக் கம்பானாலும் கீழே போட்டுவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான்.

பள்ளத்தூர்க்காரர்

கோபித்துக்கொள்ளாதீர்கள், நான் எதிர்க்கட்சி. ஜிலேபிக்குச் சரி. விராலுக்கு இந்த விளையாட்டு வேண்டாம். தவளை மாதிரி கட்டிய பூச்சியைத் தாமரை இலை ஓரம் இழுத்தேன், அடித்தது. ஃபைபர் கம்பு அழகாக வளைந்தது. அது வளைந்து முடிப்பதற்குள் விரால் கொடிக்குள் போய்ச் சுற்றிக்கொண்டது. ஒரே காலையில் மூன்று முறை இப்படி. விராலுக்கு வாய் எலும்பு, கொக்கி ஏறவே ஓர் உதறல் வேண்டும். அந்த உதறலைப் பாதியை இந்தக் கம்பு தின்றுவிடுகிறது. 8-ஆம் நம்பர் லைனுக்கான கார்பன் கம்போடு போனேன், கொடியோடு சேர்த்து இழுத்து வெளியே போட்டேன்.

ஆடிக் காற்றிலும் ஃபைபர் தோற்கும். ஆடியில் கண்மாயில் தண்ணீர் ஏது என்பீர்கள், என் பண்ணைக்குட்டையில் இருக்கிறது. காற்றுக்கு எதிரே லைனுக்கு வேகம் வேண்டும், அது இதில் வராது.

ஒன்று மட்டும் எல்லோருக்கும். செவ்வண்ணக் குஞ்சுக் கூட்டம் தண்ணீருக்கு மேலே கொதிக்கிற மாதிரி தெரிந்தால், அடியில் தாயும் தகப்பனும் காவல் இருக்கும். எதைக் காட்டினாலும் பாயும். அங்கே வீசுவது மீன்பிடி இல்லை.

காரைக்குடிக்காரர்

பள்ளத்தூர் அண்ணே, விரால் விஷயத்தில் முழுக்க ஒத்துக்கொள்கிறேன். கனமான ஃபைபர் கம்பும் உண்டுதான், ஆனால் 8-ஆம் நம்பர் ஃபைபரை ஒரு காலைப்பொழுது வீசினால் தோள் கழன்றுவிடும். ஒன்று சேர்க்கிறேன். பின்னால் சீமைக்கருவேல் அடைத்துக்கொண்டிருக்கிற இடத்தில் பின்வீச்சே முடியாது. தண்ணீரில் கிடக்கிற லைனையே உருட்டி முன்னால் அனுப்ப வேண்டும். அந்த உருட்டு வீச்சுக்கு ஃபைபர் மாதிரி சுகம் எனக்கு வேறு எதிலும் இல்லை.

சென்னையில் இருக்கும் கோட்டையூர்க்காரர்

நான் வாங்கிய விலையுயர்ந்த கார்பன் கம்பு, பூச்சிக்குள் வைத்த ஈயமணி வீசும்போது ஒரு தடவை 'டிக்' என்று பட்டதற்கு, இரண்டு வாரம் கழித்து மீனை இழுத்துக்கொண்டிருக்கும்போதே முறிந்தது. விற்றவர்கள் "கார் கதவில் நசுக்கியிருப்பீர்கள்" என்று மூன்று மெயில் போட்டார்கள். என்னிடம் கார் இல்லை.

ஊருக்கு வந்தால் இப்போது ஃபைபர்தான். பிள்ளைகள் மிதித்தாலும் பயமில்லை. ஒரு விஷயம், சாதாரணக் கடையில் கிடைக்கிற குச்சி ராடும் ஃபைபர்தான் என்று அதை வாங்கிவிடாதீர்கள். அது உள்ளே கெட்டியானது. ஃப்ளை ராட் உள்ளே குழல். கெட்டிக் கம்பில் லைனை வீசிப் பார்த்தேன், உலக்கையால் நூல் கோத்த மாதிரி இருந்தது.

அப்புறம், 'காரைக்குடி' எண்ணிக்கை வேலை செய்கிறது. மகளுக்கு அப்படியே சொல்லிக்கொடுத்தேன். அவள் 'கானாடுகாத்தான்' சொல்லிப் பார்த்தாள், லைன் பின்னால் புல்லில் விழுந்துவிட்டது.

தேவகோட்டை ஆச்சி

கார்பனுக்கு என்ன ஊர் தம்பி?

காரைக்குடிக்காரர்

'புதுவயல்' போதும் ஆச்சி.

இன்னொன்று கேட்க வேண்டும். என் கம்பின் இரண்டு துண்டும் சேரும் இடத்தில் பித்தளைப் பூண் மாட்டிக்கொண்டு கழலவில்லை. யாருக்காவது வழி தெரியுமா?

புதுவயல்காரர்

முறுக்காதீர்கள், இழை கிழியும். பூணை மட்டும் ஐஸ் தண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்துவிட்டு, இரண்டு பேர் எதிரெதிரே நின்று நேராக இழுங்கள். கழன்றதும் துடைத்துவிட்டு மெழுகுவர்த்தியை லேசாகத் தேயுங்கள்.

காரைக்குடிக்காரர்

கழன்றுவிட்டது அண்ணே, நன்றி. இழுத்த வேகத்தில் என் மைத்துனர் திண்ணையிலிருந்து வாசலுக்குப் போய்விட்டார், அடி இல்லை.

நேற்று அந்தக் கடைக்காரர் கூப்பிட்டார். "தம்பி, ஒங்க மீன் கம்பு இன்னொண்ணு வந்திருக்கு, ஆயிரத்துக்குக் கொறைக்க மாட்டேன்." வேலையைப் போட்டுவிட்டு ஓடினேன். அதே மாதிரி குழாய், அதே மாதிரி மூடி. திருகிப் பார்த்தேன். திரைச்சீலைக் கம்பு.